வள்ளிநாயகி சைக்கிள் பழகினாள்

பாலசிங்கத்தின் வாயில் பூரணி மிஸ்ஸின் பெயர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுவதை வள்ளிநாயகி விட்டுவிட்டாள்.

"பூரணி மிஸ் சொன்னவ, காலை இழுக்கக் கூடாதாம், தூக்கித்தான் வைக்கோணுமாம்."

"பூரணி மிஸ்ஸின்ர ஊர் வெருகல் பக்கமாம். தனியத்தான் இஞ்ச ரவுனில அறை எடுத்து இருக்கிறாவாம். என்ன துணிவு பார்."

வள்ளிநாயகி மீனை வெட்டிக்கொண்டே "ஓம்" என்பாள். அந்த ஒரு "ஓம்" போதும் பாலசிங்கத்துக்கு. அதற்கு மேல் அவளுடைய முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

பாலசிங்கம் மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகு ஓட்டியவர். துறைமுகத்துக்குள் எந்த இடத்தில் எந்த நேரம் கடல் எப்படிப் புரளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஆள். சமாதானம் என்று பேச்சு வந்து, பாதைகள் திறந்த வருடம், கப்பல்துறைக் கிராமத்தில் தாய்வழிக் காணி பற்றை பிடித்துக் கிடக்கிறது, போய்ப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டார். வள்ளிநாயகியும் கூடப் போனாள். கிணற்றடியைத் தேடிப் பற்றைக்குள் கால் வைத்தவர் மிதிவெடியில் வைத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பிறகு வீடு. புண்ணைக் கழுவியது வள்ளிநாயகி. மூத்திரச் சட்டி எடுத்தது, உடுப்பு மாற்றியது, இல்லாத காலில் வலிக்கிறது என்று அவர் அலறிய பொழுதெல்லாம் பக்கத்தில் இருந்தது எல்லாம் அவள்தான். அதற்குக் கிடைத்தது ஏச்சு. சோறு குழைந்தால் ஏச்சு, கதவு சத்தம் போட்டால் ஏச்சு. ஒரு நாள் குழம்புக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். அவள் சுவரைத் துடைத்தாள்.

பிறகு பொய்க்கால் போடும் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே நடை பழக்குகிறவள் பூரணி. முப்பதைத் தொடாத, ஒல்லியான, கறுத்த பிள்ளை. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பாலசிங்கத்தை நிறுத்தி, "அண்ணை, என்ர முகத்தைப் பாருங்கோ, நிலத்தைப் பார்க்காதேங்கோ" என்றாள். அவர் பார்த்தார். ஓர் அடி வைத்தார். சிரித்தார்.

வாசலில் கிடந்த மர வாங்கில் இருந்த வள்ளிநாயகிக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்தியது. வெடிக்குப் பிறகு அந்த முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது. இத்தனை மாதம் அதற்காகக் காத்திருந்தவள் வாங்கில் இருக்க, சிரிப்பு வேறு ஒருத்திக்குப் போயிற்று.

பிழையாக ஏதாவது நடந்திருந்தால் சண்டை பிடித்திருப்பாள். ஒரு பிழையும் நடக்கவில்லை. அதுதான் பெரிய கரைச்சல். நல்ல பிள்ளை, நல்ல வேலை செய்கிறாள், தன் புருஷனுக்கு நடை கொடுத்திருக்கிறாள். அவளில் எரிச்சல் படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பொய்க்கால் நிலையத்துக்கு ஒரு வாகனம் வேண்டியிருந்தது. ரவுனுக்கு வர ஏலாத ஆட்கள் ஊர் ஊராக இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கால் அளவெடுக்க வேண்டும். அந்த வாகனத்துக்குக் காசு சேர்க்க, ஆனி மாதத்தில் திருகோணமலையிலிருந்து திரியாய்க்குச் சைக்கிளில் போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. ஐம்பது மைலுக்கு மேல். ஓடுகிற ஒவ்வொருவரும் மைலுக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

"பூரணி மிஸ்ஸும் ஓடுறாவாம்! பொம்பிளைப் பிள்ளை, அவ்வளவு தூரம்!" என்றார் பாலசிங்கம்.

"நானும் ஓடுறன்" என்றாள் வள்ளிநாயகி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதேயப்பா."

"பழகினால் தெரியும்தானே."

அவள் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள். வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது, அதை ஓட நான்கு அண்ணன்மார் இருந்தார்கள். அவள் பின்னால் மீன்பெட்டி கட்டிய கரியரில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவள். கலியாணத்துக்குப் பிறகு பாலசிங்கத்தின் சைக்கிள் பாரில் இருந்து போனாள். நாற்பது வயது வரைக்கும் ஹாண்டிலைப் பிடித்ததில்லை.

வெளியில் சொல்லிவிட்டாள், இனிப் பின்வாங்க ஏலாது. ஆனால் பெண்களுக்குப் பழக்குகிற ஆள் யாரென்று விசாரித்தால், அதுவும் பூரணிதான். வேலை முடிந்த பிறகு, பின்னேரத்தில், கடற்கரை மைதானத்தில்.

முதல் நாள் இரவல் சைக்கிள் ஒன்றில் ஏற்றி, சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு பூரணி ஓடி வந்தாள். "முன்னுக்குப் பாருங்கோ அக்கா, சில்லைப் பார்க்காதேங்கோ!" அவருக்குச் சொன்ன அதே குரல். வள்ளிநாயகிக்கு ஆத்திரத்தில் கால் தானாகச் சுற்றியது. கொஞ்சத் தூரம் போனபின்தான் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்தது. பூரணி கையை விட்டிருந்தாள். தெரிந்த அந்தக் கணமே மணலில் விழுந்தாள்.

முழங்கால் தோல் உரிந்து இரத்தம் வந்தது. "நோகுதோ அக்கா?"

"ஒண்டுமில்லை" என்று சிரித்துக்கொண்டு எழும்பினாள். இவளுக்கு முன்னால் அழுவதா? வீட்டுக்கு வந்து, சுடுதண்ணி வைக்கவில்லை என்று பாலசிங்கத்தைப் பிடித்து ஏசினாள். ஏசி முடித்த பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதாள்.

மைதானத்தில் ஓடப் பழகினவளுக்கு ரோட்டில் வேறொரு கஷ்டம் காத்திருந்தது. ஆமிக்காரரின் காவல் சென்றி ஒவ்வொன்றிலும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இறங்கலாம், திரும்ப ஏறத்தான் ஏலாது. மதகுக் கட்டோ, பெரிய கல்லோ தேடி, அதில் கால் வைத்துத்தான் ஏறுவாள். உட்துறைமுக வீதியில் ஒரு சென்றி தாண்டி மதகைத் தேடி அவள் நடந்த நடையைப் பார்த்துக் காவலுக்கு நின்ற பொடியன் சிரித்தான். பூரணி அப்படியே ஓடுகிற சைக்கிளில் தாவி ஏறிப் போனாள், பஞ்சாபி உடுப்பின் சால்வை பின்னால் பறந்தது. வள்ளிநாயகி அன்றைக்கே துணி வாங்கி, தனக்கும் ஒரு பஞ்சாபி தைக்கக் கொடுத்தாள்.

இரவல் சைக்கிளை எத்தனை நாளைக்குக் கேட்பது? வீட்டில் பாலசிங்கத்தின் சைக்கிள் சாக்குப் போர்த்தியபடி நின்றது. இருபது வருடம் அவர் அதில்தான் லோஞ்சடிக்குப் போனார். பார் போட்ட உயரமான ஆண்கள் சைக்கிள், அவளுக்குத் தோதுப்படாது. அவர் கிளினிக்குக்குப் போயிருந்த ஒரு காலையில் அதைச் சந்தைக்குப் பக்கத்து ஸைனுலாப்தீன் கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

"இதை எடுத்துப்போட்டு ஒரு லேடீஸ் சைக்கிள் தருவீங்களோ நானா?"

ஸைனுலாப்தீன் சைக்கிளை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "பாலசிங்கத்தாருக்குத் தெரியுமா தங்கச்சி?"

"அவர் இனி ஓடவே போறார்?"

ஸைனுலாப்தீன் உள்ளே போனார். பச்சை நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிளை எடுத்து, சீட்டைப் பதித்து, காற்றடிக்கிற பம்மையும் பூட்டிக் கொடுத்தார்.

பாலசிங்கம் வந்து சுவரோடு கிடந்த வெறும் சாக்கைப் பார்த்தார். கதிரையில் இருந்து பொய்க்காலைக் கழற்றினார். கோப்பை பறக்கும் என்று வள்ளிநாயகி ஆயத்தமாக நின்றாள். ஒன்றும் பறக்கவில்லை.

"வித்துட்டியோ?"

"மாத்தினனான்."

"நான் இனி ஓடமாட்டன் எண்டு நீ முடிவு கட்டிட்டாய்." சத்தமே இல்லாத குரல். "பூரணி மிஸ் சொன்னவ, வருசம் முடியிறதுக்குள்ள சைக்கிள் ஓடலாமெண்டு. உன்னட்டைச் சொல்லாமல் ஒரு நாளைக்கு ஓடிக் காட்டுவமெண்டு இருந்தனான்."

 விடிந்தவுடன் ஸைனுலாப்தீன் கடைக்கு ஓடினாள். கிண்ணியாக்காரர் ஒருவர் நேற்றைக்குப் பின்னேரமே கொண்டுபோய்விட்டார் என்றார் அவர். யார் எவர் என்று தெரியாது. கிண்ணியாப் படகு இறங்குதுறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

குற்றம் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வழி முழுக்க அவளுக்குக் கோபம் வந்தது பூரணியில். அவர் திரும்பவும் ஓடுவார் என்று நினைக்க ஒருத்தி இருந்தாள். கூடப் படுத்தெழும்புகிற தனக்கு அந்த நினைப்பு வரவில்லை. அதை எப்படித் தாங்குவது?

அதற்குப் பிறகு அவள் வெறிபிடித்தவள் மாதிரி ஓடினாள். விடியற்காலையில் உவர்மலை ஏற்றம், பின்னேரத்தில் நிலாவெளி ரோட். தாவி ஏறவும் பழகிவிட்டாள். பாலசிங்கம் அவளோடு அளவாகப் பேசினார். பூரணியின் பெயரையும் வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்லிக்கொண்டு இருந்ததைவிட அது மோசமாக இருந்தது. நிலையத்து முற்றத்தில் அவரும் பூரணியும் கதைத்துச் சிரிப்பதை ரோட்டில் சைக்கிளில் போகும்போது ஒரு நாள் கண்டாள். மணியை அடிக்காமலே போனாள்.

ஓட்டத்தன்று விடிகாலை ஜெட்டியடியில் நாற்பது ஐம்பது சைக்கிள் சேர்ந்தது. சாப்பாடும் தண்ணியும் ஏற்றிய வான் முன்னுக்குப் போனது. பாலசிங்கம் அதில் ஏறியிருந்தார். "மெல்ல ஓடு" என்று மட்டும் அவளுக்குச் சொன்னார்.

சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம். கச்சான் காற்று பின்னால் இருந்து தள்ளியது. கால் சும்மா சுற்றியது. இடப்பக்கம் களப்பும் வலப்பக்கம் கடலும் வெளித்துக்கொண்டு வர, தான் இப்படிப் போகிறோம் என்பதை அவளால் நம்ப ஏலவில்லை. கொஞ்ச நேரத்துக்கு அவள் ஒருவரையும் நினைக்கவில்லை.

குச்சவெளி தாண்டியபிறகு ரோட் தார் போய்க் கிரவலாக மாறியது. ஆட்கள் இடைவெளி விட்டு நீண்டு போனார்கள். எல்லாருக்கும் கடைசியாக வருகிற ஆள் தான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வளைவில் திரும்பினால், ஒற்றைப் பனைக்குக் கீழே பூரணி நின்றாள். சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது.

"அக்கா!" என்று கையைக் காட்டினாள். "சில்லில காத்துப் போட்டுது! உங்களிட்டைப் பம் இருக்குத்தானே?"

பம் கீழ்ப் பாரில் பளிச்சென்று தெரிந்தது. வள்ளிநாயகியின் கை பிரேக்குக்குப் போனது. இறங்கினால் திரும்ப ஏற ஏலாது என்று தனக்குத்தானே சொன்னாள். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். கை பிரேக்கை அமத்தவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு மிதித்தாள். காற்று தள்ளியது. "அக்கா" என்ற குரல் இன்னொரு தரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

நிற்கட்டும் என்று நினைத்தாள். ஒரு தரமாவது நிற்கட்டும்.

திரியாயில் பள்ளிக்கூட மரத்தடியில் ஊர்ச்சனம் கூடியிருந்து கை தட்டியது. பன்னிரண்டு வருடம் அகதியாக அலைந்து, போன வருடம்தான் ஊருக்குத் திரும்பிய சனம். தாங்கள் குடிசையில் இருந்துகொண்டு வந்தவர்களுக்கு இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். பாலசிங்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, அவளுக்கென்றே வந்த சிரிப்பு. "வந்திட்டாயே!" என்றார். அவளுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். "பூரணி மிஸ் எங்க? முன்னுக்கும் வரேல்ல. கண்டனியோ?"

சிரிப்பு வந்ததும் அந்தப் பெயரும் சேர்ந்தே வந்தது. "காணேல்ல" என்றாள் வள்ளிநாயகி.

அவருடைய முகம் வெளிறியது. "அந்த ரோட்டுக் கரை முழுக்க மிதிவெடி. சிவப்புப் பலகை போட்டிருக்கிறாங்கள். நிழலுக்கு எண்டு பத்தைக்குள்ள கால் வைச்சாளெண்டால்..."  கப்பல்துறைக் காணியில் அவர் கிடந்த கிடையை வள்ளிநாயகி மட்டும்தான் பார்த்தவள்.  பனைக்குப் பக்கத்திலும் ஒரு பலகை நின்றது. அதையும் அவள் கண்டாள்தான்.

"பனையடியில" என்றாள். "குச்சவெளி தாண்டி, வளைவில. காத்துப் போய் நிக்கிறா."

பாலசிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு சைக்கிளில் பூட்டியிருந்த பம்மைப் பார்த்தார்.  இளநீரை நிலத்தில் வைத்துவிட்டு வானுக்குப் போனார்.

வான் திரும்பி வரும் வரைக்கும் அவள் மரத்தடியில் இருந்தாள். ஊர்ப்பெண் ஒருத்தி சோற்றுப் பொதி கொண்டுவந்து தந்தாள். பிரிக்கவே இல்லை. வான் வந்தது. பூரணி இரண்டு காலோடும் இறங்கினாள், காற்றடித்த சைக்கிளும் கூட இறங்கியது. பாலசிங்கம் கட்டியிருந்த சாரம் முழுக்கக் கிரவல் புழுதி.

திரும்பி வருகையில் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. அடுப்பு வாயைத் திறந்த மாதிரிச் சூடு. குச்சவெளிக்கு வருவதற்குள் வள்ளிநாயகியின் தொடை இறுகி, சைக்கிள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டது. பூரணி பின்னால் வந்தாள். தாண்டி, அவளுக்கு நேர் முன்னால் போய், வேகத்தைக் குறைத்தாள்.

"என்ர பின்சில்லோட ஒட்டி வாங்கோ. காத்து அடிக்காது."

 உண்மையாகவே காற்று குறைந்தது.

"நீ நிண்டதை நான் கண்டனான்" என்றாள் வள்ளிநாயகி, அந்த முதுகைப் பார்த்து.

"தெரியும் அக்கா. பம்மையும் கண்டனான்."

"பிறகேன் எனக்குக் காத்து மறைக்கிறாய்? கோபமில்லையோ?"

"கோபம்தான். இப்பவும் கோபம்தான். அதுக்கு இந்தக் காத்துக்குள்ள தனித்தனிய ஓட ஏலுமே? கொஞ்சத்தால நீங்கள் முன்னுக்கு வாங்கோ, நான் பின்னால வாறன்."

இருவரும் மாறி மாறி முன்னால் போனார்கள். வள்ளிநாயகி முன்னால் போகும்போது மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. இறக்கக்கண்டிக்குக் கிட்ட வரும்போது பூரணி கதைத்தாள்.

"அண்ணை வானால இறங்கி ஓடி வந்தவர். நான் பத்தை ஓரமா நிழலுக்கு நிண்டனான். 'அசையாத பிள்ளை' எண்டு கத்திக்கொண்டு, அந்தக் காலோட ஓடி வந்தவர். ரோட்டில விழுந்திட்டார்."

ஓடினாரா? வள்ளிநாயகியின் நெஞ்சில் பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. எனக்காகவும் ஓடுவாரா?

"எனக்கு முன்னால இண்டைக்குத்தான் விழுந்தவர்" என்றாள் பூரணி. "இவ்வளவு காலமா ஒருக்காலும் விழேல்ல. நோகுதோ எண்டு கேட்டால் சிரிப்பார். எங்க நோகுதெண்டு சொன்னால்தானே காலைச் சரிப்பண்ணலாம்? வீட்டில விழுறவரோ?"

"நாளுக்கு ஒருக்கா. தூக்கிவிட்டால் அதுக்கும் ஏச்சு."

"ஏசுவாரோ? அண்ணையோ?" பூரணி திரும்பிப் பார்த்தாள். நம்பாத முகம். பிறகு சிரித்தாள். "விழுந்து கிடந்துகொண்டு என்ன சொன்னவர் தெரியுமோ? 'வள்ளியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ், ஏசுவாள்' எண்டு."

வள்ளிநாயகிக்குச் சிரிக்க விருப்பமில்லை. சிரிப்பு வந்துவிட்டது. மைதானத்து மணலில் இரத்தம் வழிய "ஒண்டுமில்லை" என்று இதே பிள்ளைக்கு முன்னால் தான் சிரித்ததும், வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணிக்கு ஏசியதும் அப்போது நினைவுக்கு வந்தன. 

பொழுது சாயும் நேரம் ஜெட்டியடிக்கு வந்து சேர்ந்தபோது சனம் கலைந்து போயிருந்தது. மிச்சம் நின்ற சிலர் கை தட்டினார்கள். இறங்குவதற்குக் காலைத் தூக்கினாள் வள்ளிநாயகி, கால் வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தாள். ஒரு பக்கத்தால் பூரணியும் மற்றப் பக்கத்தால் பாலசிங்கமும் வந்து கையைப் பிடித்தார்கள்.

"விடுங்கோ ரெண்டு பேரும்!" என்று கத்தினாள். "நோகுது எண்டு தெரியேல்லையே? உயிர் போகுது! நீ வேற பிள்ளை, சீட்டை உயர்த்து உயர்த்து எண்டு சொல்லி என்ர இடுப்பை முறிச்சுப்போட்டாய்!"

நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். பூரணி மட்டும் குந்தியிருந்து, "எந்த இடம் அக்கா? இதிலயோ?" என்று தொடையை அமத்தினாள். வள்ளிநாயகி அலறினாள். அலற அலற நோவு இளகியது.

வீட்டுக்கு ஓட்டோவில் போனார்கள். பாலசிங்கத்தின் முழங்கையில் கிரவல் கிழித்த காயம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஏசவில்லை.

"வேணுமெண்டுதான் விட்டுட்டுப் போனனான்" என்றாள்.

"தெரியும்."

"அவவில எனக்கு எரிச்சல்."

அதையும் தெரியும் என்று சொல்வார் என்று நினைத்தாள். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "எரிச்சலோ? ஏன்?" என்று உண்மையாகவே திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"அவவோட சிரிக்கிறீங்கள்."

ஓட்டோ வளைவில் திரும்பியது. துறைமுகத்தில் கடற்படைப் படகுகளின் வெளிச்சம் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தது. 

"அங்க சிரிக்காட்டி அழுதிருப்பன்" என்றார். "வேற ஆக்களுக்கு முன்னால எப்பிடி அழுறது?"

வள்ளிநாயகி அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். அவர் சொன்னது அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல ஏலாது. அது இருந்தது, நல்லாக் கூர் மழுங்கி.

"சைக்கிளை மாத்தினது என்ர பிழை" என்றாள். "ஆனா எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு எரிச்சல் இருக்கும். சொல்லிப்போட்டன்."

"இருக்கட்டும்" என்றார் பாலசிங்கம்.

ரோட்டில் பள்ளம் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நொந்தது. "மெல்லப் போ தம்பி!" என்று இருவரும் சேர்ந்தே ஓட்டோக்காரனை ஏசினார்கள்.